மதுரை வீட்டில் மரைன் டேங்க்: ரெஃபியூஜியம் வைக்கலாமா, வைத்தால் எந்த வகை?

கடல் மீன் வளர்ப்பவர்களில் பலர் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். டேங்க் வைத்து ஒரு வருடம் ஆகியிருக்கும். க்ளவுன் மீன் ஜோடி நன்றாக இருக்கும், பாசி தின்னும் டேங் மீன் கொழுத்திருக்கும். ஆனால் நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) கீழே இறங்காது, பாறையெல்லாம் முடிமுடியாகப் பாசி. யாரைக் கேட்டாலும் ‘ரெஃபியூஜியம் வையுங்கள்’ என்பார்கள். சம்ப்புக்குள்ளா (டேங்குக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி), பின்பக்கம் தொங்கவிடுவதா, மேலே தனித் தொட்டியா, அல்லது அதே காசுக்குக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மர் வாங்கிவிடலாமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். அந்தப் பதில்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. மதுரைக்குக் கணக்கே வேறு.

ரெஃபியூஜியம் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மெயின் டேங்கின் தண்ணீரே ஓடும், ஆனால் மீன்கள் நுழைய முடியாத ஒரு சிறு அறை. அதில் கீட்டோமார்ஃபா போன்ற பெரும்பாசியை வெளிச்சம் கொடுத்து வளர்க்கிறோம். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்று பாசி வளர்கிறது. வளர்ந்த பாசியைப் பிய்த்து வெளியே எறியும்போதுதான் அந்தச் சத்து டேங்கை விட்டுப் போகிறது. கூடவே, மீன் வாயில் சிக்காத இடம் என்பதால் கோபிபாட், ஆம்ஃபிபாட் போன்ற நுண்ணிய ஓட்டுயிரிகள் அங்கே பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக மெயின் டேங்குக்கு இரையாகப் போகின்றன.

## எதை வைத்து முடிவு செய்வது

மதுரையில் முதலில் பார்க்க வேண்டியது சூடு. மீனுக்கும் பாசிக்கும் தோதான வெப்பம் 25 முதல் 27 டிகிரி. கத்திரி வெயிலில் வெளியே 40-ஐத் தொடும்போது, எந்த ஏற்பாடும் இல்லாத டேங்க் 32-க்கு மேல் ஏறிவிடும். சூடேற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் சுமார் 6.2-தான். ரெஃபியூஜியத்தின் விளக்கும் பம்பும் சூட்டைக் கூட்டும். அதே சமயம், திறந்த நீர்ப்பரப்பு கூடுவதால் ஆவியாதல் கூடி, அது சூட்டைக் குறைக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், அதனால் ஃபேன் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது. மதுரையின் வறண்ட கோடையில் சின்ன ஃபேனே இரண்டு மூன்று டிகிரி இறக்கிவிடும். இந்த ஊரில் நமக்கு இயல்பாகக் கிடைத்த ஒரே சலுகை இது.

ஆனால் அந்தச் சலுகைக்கு விலை தண்ணீர். ஃபேன் ஓடும் டேங்கில் கோடையில் தினம் 3, 4 லிட்டர் குறைவது சகஜம். உப்பு ஆவியாகாது. 100 லிட்டர் டேங்கில் 4 லிட்டர் போனால் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35-லிருந்து 36.5 ஆகும், 200 லிட்டரில் 35.7-ஓடு நிற்கும். ஆவியானதற்கு ஈடாக ஊற்ற ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும். போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் ஒவ்வொரு லிட்டரோடும் கால்சியம், சிலிக்கேட், நைட்ரேட் எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். பாசியைக் குறைக்கத்தான் ரெஃபியூஜியம் வைக்கிறோம், டாப்-அப் தண்ணீரே பாசிக்கு உரமானால் என்ன பயன்? வீட்டு ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவாக வெளியே விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் குடம் வைக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தி மாலை வரை இழுக்கும் நாட்கள் உண்டு. அன்றைக்கு எது வழியும், எது காயும், எது மூச்சு முட்டும் என்று பார்த்துத்தான் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பில் விஷயத்தில், 20 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 29 யூனிட். 30 வாட் எல்இடி தினம் 14 மணி நேரம் எரிந்தால் சுமார் 25 யூனிட். தனியாகப் பார்த்தால் கொஞ்சம்தான். ஏற்கெனவே 460, 470 யூனிட்டில் நிற்கும் வீட்டை அது 500-க்கு மேல் தள்ளினால், கட்டண விகிதமே மாறிவிடும்.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்: இடம் இருக்கிறதா, எவ்வளவு சத்தை வெளியேற்ற வேண்டும், வாராவாரம் கை வைக்க வீட்டில் ஆள் உண்டா.

## சம்ப்புக்குள் ஒரு அறை

ஸ்டாண்டுக்கு அடியில் சம்ப் வைத்து, அதில் நடு அறையை ரெஃபியூஜியமாக ஒதுக்குவது. மேலிருந்து வழியும் தண்ணீர் முதலில் ஸ்கிம்மர் அறைக்கு வரும், பிறகு பாசி அறை, கடைசியில் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்ப். 180 லிட்டர் டேங்குக்கு 20 முதல் 30 லிட்டர் அறை இருந்தால் போதும்.

நைட்ரேட்டை நிஜமாகவே குறைக்கும் வகை இதுதான். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். நீர் வடிய விட்ட பாசி 100 கிராம் என்றால் அதில் உலர் எடை 10 கிராம் போல இருக்கும். அந்த உலர் எடையில் நைட்ரஜன் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் கால் கிராம், அதாவது 1.1 கிராம் நைட்ரேட். 200 லிட்டர் தண்ணீரில் அது 5.5 பிபிஎம். வாரம் ஒரு கைப்பிடி பிய்த்தால் என்ன கிடைக்கும் என்பது இதில் தெரியும். பிய்க்காமலே விட்டால் என்ன கிடைக்காது என்பதும் தெரியும்.

மறைச் செலவுகள் இங்கேதான் அதிகம். தண்ணீர் சம்ப்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோவுக்கு டேங்கில் ஓட்டை போட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் அது நடக்காத காரியம். அடிக்கண்ணாடி டெம்பர்டு (சூடேற்றிக் கடினமாக்கிய வகை) என்றால் ஓட்டை போட்டால் நொறுங்கியே விடும். அப்புறம், கரண்ட் போனதும் மேலிருந்து இறங்கும் தண்ணீர். 90-க்கு 45 சென்டிமீட்டர் டேங்கில் மட்டம் வெறும் 2 சென்டிமீட்டர் இறங்கினாலே 8 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் அந்த 8 லிட்டருக்கும் குழாயில் நிற்கும் தண்ணீருக்கும் சேர்த்து எப்போதும் காலி இடம் இருக்க வேண்டும். தச்சரிடம் ஸ்டாண்ட் சொல்லும்போது சம்ப்பின் உயரத்தை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். பாசியை எடுக்கக் கை உள்ளே போக வேண்டும், விளக்கை மாட்ட இடம் வேண்டும். சம்ப்புக்கு மேலே ஒரு முழமாவது காலி விடச் சொல்லுங்கள். அதோடு ஸ்டாண்டின் பின்பலகையைத் திறந்தே விடச் சொல்லுங்கள், மூடிய பெட்டிக்குள் சூடும் ஈரமும் அடைபட்டுப் பலகையும் உப்பிப்போகும், விளக்கின் கனெக்ஷனும் துருப்பிடித்துவிடும். சம்ப் இருக்கும் வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சாதனம்) இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொன்று. ஆவியாகும் தண்ணீர் முழுவதும் ரிட்டர்ன் அறையில்தான் குறைந்து தெரியும். அந்த அறை 20-க்கு 40 சென்டிமீட்டர் என்றால் 4 லிட்டர் போனதும் மட்டம் 5 சென்டிமீட்டர் இறங்கிவிடும். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்பும்போது பம்ப் காற்றை இழுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஃப்ளோட் வால்வோடு ஒரு ஆர்ஓ வாளியை இணைக்காமல் மதுரைக் கோடையைச் சம்ப்போடு கடக்க முடியாது.

புதிதாக டேங்க் கட்டுகிறவர்களுக்கு, 150 லிட்டருக்கு மேல் வைக்கிறவர்களுக்கு, மீன் அதிகம் போடுகிறவர்களுக்கு இதுதான் சரி. வாடகை வீட்டில் அடிக்கடி மாறுகிறவர்களுக்கு வேண்டாம்.

## பின்பக்கம் தொங்கும் பெட்டி

6 முதல் 10 லிட்டர் அக்ரிலிக் பெட்டி. ஒரு சின்ன பம்ப் தண்ணீரை ஏற்றும், தானாக வழிந்து திரும்பும். ஓட்டை வேண்டாம், சம்ப் வேண்டாம். 5 வாட் பம்ப் இரண்டு மாதத்துக்கு ஏழெட்டு யூனிட்தான். கரண்ட் போனால் பெட்டியில் நிற்கும் தண்ணீர் நின்றபடியே நிற்கும், தரையில் ஒரு சொட்டு விழாது. ஏற்றும் குழாயின் வாய் மட்டும் பெட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் வழியே தண்ணீர் திரும்ப இறங்கிவிடும்.

குறை, அதன் அளவு. இவ்வளவு சின்ன இடத்தில் வளரும் பாசி 200 லிட்டர் டேங்கின் நைட்ரேட்டை அசைக்காது. 100 லிட்டருக்குக் கீழே இருந்தால் பலன் தெரியும், அதற்கு மேல் இதைக் கோபிபாட் பண்ணையாகத்தான் நினைக்க வேண்டும். மீனைக் கொஞ்சமாக வைத்து, கூச்ச சுபாவமுள்ள சின்ன மீன்களுக்கு உயிர் இரை வேண்டும் என்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

வாங்கும் முன் டேங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஹால் ஷோகேஸில் பொருத்திக் கட்டிய டேங்குகளுக்கு இது ஒத்துவராது. விளிம்புச் சட்டம் இல்லாத கண்ணாடி என்றால் பத்துக் கிலோ ஒரே இடத்தில் தொங்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பாசி இழை ஒன்று வழிவாயில் சிக்கினால் தண்ணீர் பின்பக்கமாகச் சுவரில் இறங்கும். முன்னால் நின்று பார்த்தால் அது தெரியாது, பெயின்ட் உப்பிய பிறகுதான் தெரியும். வழிவாயில் பிளாஸ்டிக் வலை ஒன்றைச் செருகி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் இந்தத் தொல்லை இல்லை.

## மேலே தனித் தொட்டி

டேங்குக்கு மேலே ரேக் அடித்து, 30, 40 லிட்டர் தொட்டி வைத்து, பாசித் தண்ணீரைத் தானாகக் கீழே வழிய விடுவது. கோபிபாட் பம்ப்புக்குள் போகாமல் முழுசாக மீன்களிடம் இறங்கும் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் பெருமை. பம்பில் எல்லாம் அரைபட்டுவிடும் என்பது மிகைதான், அவ்வளவு சின்ன உயிர்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

மதுரை மாடி வீடுகளில் இதற்கு ஒரு பெரிய தடை உண்டு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை ராத்திரி முழுக்க அந்தச் சூட்டை இறக்கும். அறையின் சூடான காற்று மேலேதான் தங்கும். பாசித் தொட்டியை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால், அது டேங்கின் தண்ணீரைச் சூடேற்றும் கருவியாகிவிடும். கூரைக்கு நேர் கீழே இருக்கும் மேல் மாடியில் இதை வைக்கச் சொல்லமாட்டேன். தரைத் தளத்தில், சுவரில் நல்ல போல்ட் அடிக்க முடியும் என்றால் பரவாயில்லை. தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்து 60 கிலோ தாங்குகிற ரேக்காக இருக்கட்டும்.

மெயின் டேங்குக்குள்ளேயே வலை வைத்து ஒரு மூலையைப் பிரிப்பதும் உண்டு. கோபிபாட் வளர்க்க அது போதும், நைட்ரேட்டுக்கு எந்த உதவியும் செய்யாது.

## ரெஃபியூஜியம் இல்லாமலே

இதையும் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், பலருக்கு இதுதான் நல்ல முடிவு.

நல்ல ஸ்கிம்மர் கழிவை நைட்ரேட்டாக மாறும் முன்பே நுரையாக வெளியேற்றுகிறது. பாசி, மாறிய பிறகு எடுக்கிறது. ஸ்கிம்மர் காற்றைக் கலப்பதால் ஆக்சிஜனும் கூடும், இந்தச் சூட்டில் அது கூடுதல் பலம். அதனால் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ஸ்கிம்மரைத்தான் சொல்வேன்.

தண்ணீர் மாற்றுவதன் கணக்கு தெளிவானது. 40 பிபிஎம்மில் 20 சதவீதம் மாற்றினால் 32, மறுபடி மாற்றினால் 25.6, மூன்றாம் முறை 20.5. இடையில் புதிதாகச் சேர்வது தனி. 20 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 700, 750 கிராம் உப்பு ஆகும். மண்டபம், தூத்துக்குடிப் பக்கம் போய்க் கேனில் கடல்நீர் எடுத்து வருகிறவர்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் உப்புத்தன்மை இறங்கிவிடும், உப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

ஸ்மித்சோனியனைச் சேர்ந்த வால்டர் ஏடி 1980-களில் முன்வைத்த பாசித் தட்டு முறையான ‘ஆல்கல் ஸ்க்ரப்பர்’ இன்னொரு மாற்று. செங்குத்தான வலைத் தட்டில் மெல்லிய நீர்ப்படலமாகத் தண்ணீர் ஓடும், பக்கத்தில் பலத்த விளக்கு இருக்கும். ரெஃபியூஜியத்தைவிட மிகக் குறைந்த இடத்தில் அதே வேலையைச் செய்யும். ஆனால் கரண்ட் போன நாளில் தட்டு காய ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாது. பராமரிப்பு நாளில் மாலை வரை காய்ந்தால் பாசி வெளுத்து, பம்ப் ஓடியதும் அழுகிய சத்தெல்லாம் டேங்குக்கே திரும்பும். இன்வெர்ட்டரில் அந்த ஒரு பம்பையாவது இணைக்க முடிகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

| | சம்ப் அறை | தொங்கும் பெட்டி | மேல் தொட்டி | ஸ்கிம்மர், தண்ணீர் மாற்றம் |
|---|---|---|---|---|
| நைட்ரேட் குறைதல் | நன்று | சின்ன டேங்கில் மட்டும் | நன்று | ஓரளவு, உழைப்பைப் பொறுத்து |
| உயிர் இரை | உண்டு | உண்டு | மிக நன்று | இல்லை |
| கோடைச் சூடு | ஃபேன் வைத்தால் அனுகூலம் | பெரிய மாற்றம் இல்லை | மேல் மாடியில் ஆபத்து | ஸ்கிம்மர் ஆக்சிஜன் கூட்டும் |
| கரண்ட் போனால் | சம்ப்பில் காலி இடம் வேண்டும் | பயம் இல்லை | ஏற்றும் குழாயில் கவனம் | சிக்கல் குறைவு |
| ஓடும் டேங்கில் சேர்க்க | கடினம் | எளிது | நடுத்தரம் | எளிது |

## எந்தப் பாசி

எந்த இடத்தில் வைத்தாலும் உள்ளே போடும் பாசி தவறினால் எல்லாமே வீண். கீட்டோமார்ஃபா, நாம் சொல்லும் கீட்டோ, பச்சை நைலான் நூலைக் கசக்கிப் போட்டது போல இருக்கும். வேர் கிடையாது, எங்கும் ஒட்டாது, உருண்டையாக எடுத்துவிடலாம். கையில் எடுத்து வாளிக் கடல்நீரில் இரண்டு முறை உதறினால், அதற்குள் இருக்கும் ஆம்ஃபிபாட்கள் துள்ளித் துள்ளி வாளியில் விழும். அந்தத் தண்ணீரை மறுபடி அறைக்குள் ஊற்றிவிட்டுப் பாதிப் பாசியை மட்டும் எறியுங்கள். உருண்டை மெதுவாகச் சுழலும் அளவுக்கு ஓட்டம் இருந்தால், அடிப்பக்கம் வெளிச்சம் படாமல் வெளுப்பது நின்றுவிடும்.

காலர்பா வேகமாக வளரும், பார்க்க அழகு. ஆனால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மொத்தமும் இனப்பெருக்கத்துக்குப் போய், உடல் வெளிறி, தின்ற சத்தையெல்லாம் ஒரே இரவில் தண்ணீரில் கொட்டிவிடும். தண்ணீர் பால் போல் கலங்கி ஆக்சிஜன் இறங்கும். வெளியூர்ப் பயணம், குலதெய்வக் கோவில் என்று சில நாட்கள் வீட்டைப் பூட்டுகிறவர்கள் இந்தப் பாசியைத் தொடவே வேண்டாம்.

நம் பக்கத்துக் கடலிலேயே கிடைக்கும் கஞ்சிப்பாசி, அதாவது கிராசிலேரியா, நல்ல மாற்று. மண்டபம் பக்கம் மிதவைகளில் வளர்க்கிறார்கள், அகர் செய்ய மதுரை வரை வருவதும் அதுதான். கீட்டோவைவிட மெதுவாக வளரும், ஆனால் டேங் மீன் ஆசையாகத் தின்னும். அறுவடையைக் குப்பையில் போடாமல் மீனுக்கே போட்டால் சத்து மறுபடி டேங்குக்குள்ளேயே சுழலும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வளர்ப்பவர்களிடமே கேட்டு வாங்குங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதையும் பறிக்கக் கூடாது. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பெற்றவை, அதனால் அங்கிருந்து வந்த பவளமோ லைவ் ராக்கோ (உயிர்கள் படிந்த கடல் பாறை) யார் தந்தாலும் வாங்க வேண்டாம். கடலிலிருந்து வந்த பாசியைத் தனி வாளியில் காற்றுக் கல் போட்டு இரண்டு மூன்று வாரம் வைத்து, நண்டும் நெருப்புப் புழுவும் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள்.

விளக்கை டேங்க் விளக்குக்கு எதிர் நேரத்தில், இரவில் எரிய விடுங்கள். இரவில் கரியமில வாயு கூடி பிஎச் இறங்கும். கோடையில் கதவைச் சாத்தி ஏசி போட்ட அறையில் டேங்க் இருந்தால் அந்த இறக்கம் இன்னும் அதிகம், ஏனென்றால் நாம் மூச்சுவிடும் வாயுவும் அங்கேயே சுற்றுகிறது. இரவு எரியும் பாசி விளக்கு அந்த இறக்கத்தைத் தணிக்கும், அறைச் சூடு குறைந்த நேரத்தில் எரிவதால் டேங்கும் அதிகம் சூடாகாது. இரவு 8-லிருந்து காலை 9 வரை என்று டைமரில் வைத்தால் பகல் நேரப் பராமரிப்பு மின்தடையும் பாசியைப் பாதிக்காது.

வைத்த பிறகு பலர் குழம்புவது ஒரு விஷயத்தில்: நைட்ரேட் சுழியத்துக்கு வந்துவிடும், பாஸ்பேட் மட்டும் அசையாது, பாசி வளர்ச்சி நின்றுவிடும். பெரும்பாசி பாஸ்பரஸ் ஒரு பங்குக்கு நைட்ரஜன் 30 பங்கு என்ற அணுக்கணக்கில் தின்கிறது. நைட்ரஜன் தீர்ந்தால் பாஸ்பேட்டையும் அதனால் எடுக்க முடியாது. அப்போது விளக்கைக் கூட்டுவதில் பயன் இல்லை. விளக்கு நேரத்தைக் குறைத்து, பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு ஊடகத்தைக் கொஞ்சம் பயன்படுத்துங்கள்.

## யார் எதை

டேங்க் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால் இப்போதைக்கு எதையும் சேர்க்க வேண்டாம். புதிய டேங்கின் பாசி பாதி தானாகவே அடங்கும், மீதி தீவனத்தைக் குறைத்தால் அடங்கும். மீன் மட்டும் வளர்த்து, நைட்ரேட் 20-ல் நிலையாக நின்றால் இந்தச் செலவே தேவையில்லை. அந்தப் பணத்தில் ஆர்ஓ இயந்திரத்துக்கு நல்ல மெம்ப்ரேன் போடுங்கள், டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள்.

ஓடுகிற 100 லிட்டர் டேங்க், கொஞ்சம் மென்பவளம், ஒரு க்ளவுன் ஜோடி என்றால் தொங்கும் பெட்டி. புதிதாக மூன்றடி, நான்கடி டேங்க் கட்டப்போகிறீர்கள் என்றால், ரெஃபியூஜியம் உடனே வேண்டாம் என்று தோன்றினாலும் சம்ப்பில் ஒரு அறையைக் காலியாகவே விட்டுக் கட்டுங்கள். பின்னால் பாசியும் விளக்கும் மட்டும் சேர்த்தால் போதும்.

மாண்டரின் மீன்மேல் ஆசைப்படுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அது நாள் முழுக்கக் கோபிபாட் கொத்தித் தின்னும் மீன், கடையில் வாங்கும் உலர் தீவனத்தைப் பெரும்பாலும் தொடாது. அதற்காக ரெஃபியூஜியம் வைப்பதாக இருந்தால் மீனை வாங்கும் முன்பே பல மாதங்கள் அறையை ஓடவிடுங்கள். விளக்கெல்லாம் அணைந்து ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளங்கை அளவு இடத்தில் வெள்ளைப் புள்ளிகளாகப் பத்திருபது ஊர்ந்தால் மீனை வாங்கலாம், ஒன்றிரண்டுதான் தெரிகிறது என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

பிய்த்த பாசியை வாய்க்காலிலோ கடற்கரைக்குப் போகும்போது கடலிலோ போடாதீர்கள். மண்டபம் கரையில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மேல் படர்ந்து அவற்றை மூடியது நம் கண்முன்னே நடந்தது. நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவைத்தால் பூந்தொட்டிக்கு உரமாகப் போட்டுவிடலாம்.